காணொளியைச் சுமக்கும் நெறிமுறைகள் – ஓர் ஆய்வு

முன்னுரை

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த போடிநாயக்கனூர், சரக்குப் போக்குவரத்தினால் வளர்ந்த ஊர்களுள் ஒன்று. ஏலமலையில் விளையும் ஏலக்காய் மூட்டைகள் போடிமெட்டு மலைப்பாதையில் வளைந்து வளைந்து இறங்கி இவ்வூரை வந்தடைகின்றன. ஒரு காலத்தில் டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தின் வழியே அடிவாரத்திற்கு இறக்கப்பட்டன. 1928-இல் மதுரையிலிருந்து இருப்புப்பாதை வந்தது. அது அகலப்பாதையாக மாற்றப்பட்டபின் 2023 ஜூனில் போடிக்கு மீண்டும் இரயில் ஓடத் தொடங்கியது. சரக்கின் தன்மைக்கேற்ப ஊர்தியைத் தேர்தல் இவ்வூரார்க்குப் புதிதன்று.

இன்று இம்மலைச்சரிவுகளில் கண்ணுக்குப் புலனாகாத சரக்கொன்றும் சென்று வருகின்றது. அது காணொளி. அதனைச் சுமக்கும் ஊர்தியை எவ்வாறு தேர்வது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆய்வுக்குத் தூண்டுதல்

2020-ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக் காலத்தில் ஏலத்தோட்டக் குடியிருப்பிலிருந்து ஒரு மாணவி என் இணையவழி வகுப்பில் கலந்துகொண்டாள். வினாத் தொடுத்தால் அவளிடமிருந்து விடை வாராது. அடுத்தவர் பெயரை அழைத்தபின் அவள் குரல் இடையில் வந்து விழும். கவனமின்மை எனக் கருதிப் பலர் கேட்கக் கடிந்துகொண்டேன். என் வினா மலையேறவும் அவள் விடை மலையிறங்கவும் ஆன காலமே அக்குறை என்பதைப் பின்னரே அறிந்தேன். அறியாமை என்னுடையது, தலைகுனிந்தவள் அவள். இத்துறையைக் கற்க என்னைத் தூண்டியது இந்நிகழ்ச்சியே.

இருவகை நெறிமுறைகள்

இணையத்தில் எச்செய்தியும் முழுமையாகச் செல்வதில்லை. அது சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிக்கப்பட்டே அனுப்பப்படுகின்றது. வழியில் சில தொலையலாம். சில முன்பின்னாக வரலாம். இக்குறைகளை எவ்வாறு எதிர்கொள்வது என வகுப்பனவே போக்குவரத்து நெறிமுறைகள். அவற்றுள் தலையாயவை இரண்டு.

முதலாவது டி.சி.பி. விண்டன் செர்ஃப், ராபர்ட் கான் இருவரும் 1974-இல் வெளியிட்ட கருத்தினின்று வளர்ந்து, 1981-இல் திட்டமான வடிவம் பெற்றது. இது ஒவ்வொரு பகுதிக்கும் வரிசையெண் இடும். பெற்றதற்கு ஒப்புகை கேட்கும். தொலைந்ததை மீண்டும் அனுப்பும். மதரஸாவில் உஸ்தாது ஓதிக்கொடுக்க, மாணவர் ஓதிக்காட்டுவதை இதற்கு ஒப்பிடலாம். ஓரெழுத்துப் பிழைத்தாலும் அதனைத் திருத்தாமல் அடுத்த பாடம் தொடங்கப்படுவதில்லை.

இரண்டாவது யு.டி.பி. ஜான் போஸ்டல் 1980-இல் வகுத்தளித்தது. இதன் தலைப்பகுதி 8 பைட்டு மட்டுமே, டி.சி.பி.க்கோ குறைந்தது 20 பைட்டு வேண்டும். இது ஒப்புகை கேளாது, மீண்டும் அனுப்பாது. பள்ளிவாசலில் ஒலிக்கும் பாங்கு போன்றது எனலாம். காற்றில் ஒரு சொல் தேய்ந்தாலும் அழைப்பு விளங்கிவிடும். அதே பாங்கைத் தொழுகை முடிந்தபின் தெளிவாகக் கேட்பித்தலால் பயனில்லை.

தாமதமும் ஓர் இழப்பே

ஒன்றும் தொலையாத நெறிமுறை இருக்க, தொலைவதைப் பொருட்படுத்தாத மற்றொன்று எற்றுக்கு என்ற ஐயம் எழலாம். ஒரு சிறு கணக்கு அதனைத் தெளிவிக்கும். மலைமேலுள்ள கைப்பேசிக்கும் வகுப்பு நடத்தும் கணிப்பொறிக்கும் இடையே ஒருவழிப் பயணம் 100 மில்லி வினாடி எனக் கொள்வோம். ஒரு பொட்டலம் தொலைகின்றது. அதனை அனுப்பியவர் அறிய ஏறத்தாழ 200 மில்லி வினாடி ஆகும். மீண்டும் அனுப்பியது சென்றுசேர 300 ஆகிவிடும். இயல்பான உரையாடலுக்கு ஒருவழித் தாமதம் 150 மில்லி வினாடிக்குள் இருத்தல் நன்று என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை.

மேலும், டி.சி.பி. வரிசை தவறாமல் ஒப்படைப்பது. ஆதலின் தொலைந்த ஒன்று வரும்வரை, பின்னர் வந்தவை யாவும் வாயிலில் காத்து நிற்கும். மலைப்பாதையின் கொண்டையூசி வளைவில் ஒரு லாரி பழுதானால் பின்வரும் வண்டிகள் யாவும் நிற்பது போன்றது இது. ஏலக்காய் மூட்டை ஒருநாள் பிந்தி வந்தாலும் விலைபோகும். ஏலத்தில் கேட்கும் விலையோ ஏலம் முடிந்தபின் வந்தால் செல்லாது. சரக்கு எவ்வினத்தது என்பதே முதற்கண் ஆராயத்தக்கது.

யு.டி.பி.யிலும் குறையுண்டு. நெரிசல் கண்டு வேகத்தைத் தணிக்கும் இயல்பு அதற்கு இல்லை. 1986-இல் அமெரிக்காவின் பெர்க்லியில் அண்மையிலிருந்த இரு நிலையங்களுக்கிடையே, நெரிசலால், வினாடிக்கு 32,000 பிட்டாக இருந்த வேகம் 40 பிட்டாகச் சுருங்கியது. அதன்பின்னரே டி.சி.பி.யில் நெரிசல் கட்டுப்பாடு சேர்க்கப்பட்டது. எனவே யு.டி.பி.யைக் கையாளும் மென்பொருள் அவ்வடக்கத்தைத் தானே மேற்கொள்ள வேண்டும். 1996-இல் வெளிவந்த ஆர்.டி.பி. என்பது பொட்டலங்களுக்கு வரிசையெண்ணும் நேரக்குறிப்பும் தந்து, நேரடி ஒலி, ஒளியை ஒழுங்குபடுத்தியது. பெரும்பாலும் யு.டி.பி.யின் மேல் இயங்குவது.

புதியதொரு வழி

இவ்விரண்டின் நலன்களையும் இணைக்க எழுந்தது குயிக். கூகுள் நிறுவனத்தில் தோன்றி, 2021 மே மாதத்தில் பொதுத்தரமாக வெளியிடப்பட்டது. யு.டி.பி.யின் மேல் இயங்கினும் தொலைந்ததை மீட்கும், நெரிசலையும் கவனிக்கும். பல ஓடைகளைத் தனித்தனியே நடத்துவதால், ஓர் ஓடையில் நேரும் இழப்பு மற்றோர் ஓடையை நிறுத்துவதில்லை. வைஃபையை விட்டுக் கைப்பேசி வலைக்கு மாறும்போதும் தொடர்பு அறாமல் காக்கும் ஏற்பாடும் இதில் உண்டு.

தேர்வு செய்யும் முறை

பதிவு செய்யப்பட்ட பாடத்திற்கு விரைவினும் முழுமையே வேண்டற்பாலது. அதனைச் சில வினாடி அளவுள்ள துண்டுகளாக்கி, ஒவ்வொன்றையும் பல தரங்களில் வைத்து, டி.சி.பி. அல்லது குயிக் வழியே அனுப்பலாம். ஆப்பிள் நிறுவனம் 2009-இல் கொணர்ந்த எச்.எல்.எஸ். முறை இத்தகையது. அலை குன்றும்போது கருவி தானே தாழ்ந்த தரத்துண்டைக் கேட்டுப் பெறும். முன்கூட்டியே சேர்த்து வைத்த தேக்கம் இடைவெளியை மறைக்கும்.

வினாவும் விடையும் நிகழும் நேரடி வகுப்பிற்கு யு.டி.பி.யின் மேல் இயங்கும் வெப் ஆர்.டி.சி. போன்றவையே ஏற்றன. சில நிறுவன வலைகளில் யு.டி.பி. தடுக்கப்பட்டிருக்கலாம். அங்கே டி.சி.பி.க்கு மாறும் மாற்றுவழி இருத்தல் வேண்டும்.

ஒப்பம், வருகைப்பதிவு, தேர்வு விடைத்தாள் ஆகியவற்றில் ஓரெழுத்தும் தொலைதல் ஆகாது. அவற்றிற்கு ஒப்புகை கேட்கும் நெறிமுறையே பொருந்தும்.

அலை மிகவும் மெலிந்த இடத்தில் எந்நெறிமுறையும் இல்லாத பாதையை உண்டாக்கிவிடாது. அங்கே படத்தை விடுத்துக் குரலை மட்டும் அனுப்புதல் நலம். 2012-இல் தரப்படுத்தப்பட்ட ஓபஸ் முறையில் வினாடிக்கு 6,000 பிட்டு அளவிலும் குரலை அனுப்ப இயலும். பாடக்குறிப்பை முன்னாளே எழுத்துக் கோப்பாக அனுப்பிவைத்தால் வகுப்பில் விடுபட்டதை மாணவர் நிரப்பிக்கொள்வர்.

முடிவுரை

நெறிமுறைகளுள் உயர்ந்தது இது, தாழ்ந்தது இது எனப் பொதுப்படக் கூறுதல் பொருந்தாது. எதை இழக்கலாகாது, எது பிந்தலாகாது என்னும் இரு வினாக்களுக்கு விடை கண்டபின் தேர்வு எளிதாகும். கல்லூரிகள் இணையவழிக் கல்விக்கு மென்பொருள் வாங்குமுன் நகரத்து அறையில் மட்டுமன்றி, குரங்கணியிலும் போடிமெட்டிலும் வைத்துச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது ஆட்சிக்குழுப் பெரியோர்க்கு என் பணிவான வேண்டுகோள். ஆசிரியப் பெருமக்கள் வினாத் தொடுத்தபின் அடுத்த பெயரை அழைக்குமுன் சற்றுப் பொறுத்தருள வேண்டும். தோட்டத்து மாணவியின் விடை அந்நேரத்தில் மலையிறங்கிக்கொண்டிருக்கலாம்.