கிணற்றுக் குழாயில் நீர் வேகம் குறைந்தால்

அல்லைப்பிட்டி, பண்ணைத் தாம்போதி வழியாக யாழ்ப்பாணத்தோடு இணைந்த வேலணைத் தீவின் கடலோரக் கிராமமாகும். இங்கு ஆறு இல்லை. வடகீழ்ப் பருவமழை நிலத்துள் ஊறித் தங்குவதே கிணறுகளுக்கு ஆதாரம். அந்த நன்னீர், அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. ஆகையால் குழாயில் நீர் மெதுவாக வருகின்றதென்று கண்டவுடன் பெரிய பம்பி வாங்குதல் தீவகத்தார்க்குத் தகாது. குறை எங்குளதென முதலில் அறிதல் வேண்டும். குழாய்வாயில் தொடங்கிக் கிணறுவரை ஒழுங்காகச் சோதித்தல் நன்று.

1. குழாய்வாய்: ஒரு குழாயில் மட்டும் வேகம் குறைந்தால் அதன் வாயிற் சுண்ணாம்புப் படிவு அடைத்திருக்கும். சுண்ணக்கல் நிலத்து நீரில் இது இயல்பு. வாயைக் கழற்றி வினாகிரியில் ஊறவைத்துத் தேய்த்துக் கழுவுக.

2. நீர்த்தாங்கி: எல்லாக் குழாய்களிலும் வேகம் குறைவாயின் தாங்கியின் உயரத்தை நோக்குக. தாங்கியின் நீர்மட்டம் குழாய்வாய்க்கு 10 அடி மேலிருந்தால் அமுக்கம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 4.3 இறாத்தல், 20 அடியாயின் இருமடங்கு. இவ்விடத்திற் பெரிய பம்பியால் யாதொரு பயனும் இல்லை. தாங்கியை உயர்த்துவதும், அரை அங்குலக் குழாய்க்குப் பதிலாக முக்கால் அல்லது ஓரங்குலக் குழாய் இடுவதுமே பயன் தரும்.

3. பம்பி: தாங்கியில் விழும் நீரை அளவு தெரிந்த வாளியிற் பிடித்து, நிரம்பும் நேரத்தைக் குறித்து வைக்க. பம்பி நன்றாக இயங்கும் நாளிற் குறித்த நேரத்தோடு இதனை ஒப்பிட்டால் தேய்வு புலப்படும்.

4. உறிஞ்சு குழாய்: மின்னாளியை நிறுத்திய பின்னரே இதனைத் தொடுதல் வேண்டும். பம்பியில் நீர் வார்த்து நிரப்பிச் சிறிது நேரம் விடுக. நீர் இறங்கினால் அடிவால்வு ஒழுகுகின்றது, அல்லது மூட்டில் வெடிப்பு உண்டு. நிலத்தில் வைக்கும் பம்பி, நடைமுறையில் ஏறத்தாழ 25 அடி ஆழத்துக்குக் கீழிருந்து நீரை உறிஞ்சமாட்டாது.

5. கிணறு: இறைக்குமுன் நீர்மட்டத்தைக் கயிற்றால் அளக்க. அரை மணி நேரம் இறைத்தபின் மீண்டும் அளக்க. மட்டம் விரைவாகத் தாழ்ந்து மெதுவாக ஊறினால் குறை பம்பியில் இல்லை, ஊற்று சுருங்கிவிட்டது.

ஐந்தாவது நிலையே மிக்க கவனத்துக்குரியது. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நிற்குமிடத்து, கீழே ஏறத்தாழ 40 அடிவரை நன்னீர் இருக்கும் என்பது கீபன், ஹேர்ஸ்பேர்க் என்னும் ஐரோப்பியர் கண்ட விதி. மேல்மட்டம் ஓரடி தாழ்ந்து நிலைத்தால் அடியிலுள்ள உவர்நீர் காலப்போக்கில் 40 அடிவரை மேலேற இடமுண்டு. கிணற்றை ஆழமாக்குவதும், வலுவான பம்பியால் ஒரே மூச்சில் இறைப்பதும் அவ்வுவரை விரைவில் அழைத்துவரும். உவரேறிய கிணறு திருந்தப் பல மாரிகள் செல்லக்கூடும்.

ஆகவே கோடையில் சிறிய பம்பியால், இடைவிட்டு, காலையும் மாலையும் சிறிது சிறிதாக இறைத்துத் தாங்கியில் சேர்த்தல் வேண்டும். அடிவால்வு நீரில் ஓரடி அமிழ்ந்திருந்தாற் போதும், அடிமட்டத்தை அணுகவிடலாகாது. நீர் சற்றேனும் கரிப்பாயின் இறைப்பை நிறுத்துக. எண்ணெய் இயந்திரத்தைக் கிணற்றுள் இறக்கி இயக்குதல் உயிர்க்கு ஆபத்து.

மாரியில் கூரைநீரைத் தொட்டியிற் சேமித்தால் கிணற்றின் சுமை குறையும். குழாயின் வேகத்தைப் பின்னரும் கூட்டலாம். இழந்த நன்னீரை எளிதில் மீட்டல் இயலாது.