சாயங்காலக் கழுத்துவலி: முதலில் மேசையைப் பாருங்கள்

நம் தலையின் எடை சுமார் 5 கிலோ. காது தோளுக்கு நேர்மேலே இருக்கும்வரை அந்தப் பாரத்தின் பெரும்பகுதியை ஏழு கழுத்தெலும்புகளே தாங்கிக்கொள்ளும். திரையை எட்டிப் பார்க்கத் தலை முன்னே போனதும், பிடரித் தசைகள் அதைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. மணிக்கணக்கில் இறுகிக் கிடக்கும் தசைக்குள் ரத்த ஓட்டம் குறைந்து வலி தொடங்கும். வயதாகிவிட்டது, வாயுப் பிடிப்பு என்று தள்ளிப்போடாதீர்கள்.

கழுத்தின் மேல் நான்கு எலும்புகளில் தொடங்கி, தோள்பட்டை எலும்பின் உள்மூலையில் வந்து முடியும் தசைக்கு லெவேட்டர் ஸ்கேப்புலே என்று பெயர். தோள்பட்டையைத் தூக்குவது அதன் வேலை. கீபோர்டு உயரத்தில் இருந்தால் நாள் முழுக்கத் தோளைத் தூக்கியபடியே தட்டச்சு செய்வோம். மாலையில் பலரும் விரலால் அழுத்திப் பார்ப்பது இந்த மூலையைத்தான். முழங்கை மேசை மட்டத்துக்கு வரும்படி நாற்காலியை உயர்த்துங்கள். கால் தரையில் படாவிட்டால் ஒரு பலகை போடுங்கள்.

லேப்டாப்பில் திரையும் கீபோர்டும் ஒட்டியே இருப்பதால் ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கெடும். அடியில் நாலு புத்தகம் அடுக்கி, திரையின் மேல்விளிம்பைக் கண்மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். தனிக் கீபோர்டும் மவுஸும் நிறுவனத்திடம் கேளுங்கள், தயக்கமே வேண்டாம். அவை சலுகை அல்ல, வேலைக்கருவி. தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்த்து ஒரே கண்ணாடி போடுபவர்களுக்கு மட்டும் திரை சற்றுத் தாழ்ந்திருக்கட்டும். இல்லாவிட்டால் முகவாயைத் தூக்கித் தூக்கிப் பார்த்தே, மண்டையோட்டுக்கு அடியிலுள்ள சின்னத் தசைகள் இறுகிப் பின்மண்டை வலிக்கும்.

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேசுவதை இன்றே நிறுத்துங்கள்.

முகத்தையும் கவனியுங்கள். நெருக்கடியான நேரத்தில் தாடையின் மாஸெட்டர் தசை நம்மை அறியாமலே பல்லைக் கடிக்க வைக்கும். வாய் சும்மா இருக்கும்போது உதடு சேர்ந்திருக்கலாம், பற்கள் தொடக்கூடாது. அடிக்கடி புருவம் நெரிந்தால் எழுத்தைப் பெரிதாக்குங்கள், கண்ணாடியின் பவரைச் சோதியுங்கள்.

எத்தனை நல்ல நாற்காலியானாலும் அசையாத உடம்புக்கு உதவாது. அரைமணிக்கொரு முறை எழுந்து நில்லுங்கள். முகவாயை நேராகப் பின்னுக்கு இழுத்து, ஐந்து எண்ணும்வரை அப்படியே வைத்திருந்து, பிறகு விடுங்கள்.

கை மரத்துப்போவது, பிடி தளர்வது, வலியோடு காய்ச்சல் இவற்றில் எது வந்தாலும் மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சழுத்தத்தோடு கழுத்தோ தாடையோ வலித்தாலும், முகம் திடீரென ஒருபக்கம் கோணினாலும் உடனே 108ஐ அழையுங்கள்.

முடிவெட்டிய கையோடு கழுத்தைச் சொடுக்கிவிடச் சொல்கிறவர்கள் நம்மில் நிறைய. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகளில் சில கழுத்தெலும்புகளின் ஊடாகத்தான் ஓடுகின்றன. வேகமாகத் திருகியதில் அவற்றின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. முடிவெட்டுபவர் கழுத்தில் கை வைக்கும் முன்பே, வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.