புதுப் பாட்டு கோவில் முழுக்கக் கேட்க…

பங்கில் புதுப் பாட்டு ஒன்று கைக்கு வந்துவிட்டதா? பாடகர் குழு மட்டும் பாட, மக்கள் வாய்மூடி நிற்கிற நிலை நமக்கு வேண்டாம். ஒரு கீபோர்டு, ஒரு தபேலா, அரை மணி நேரப் பயிற்சி, இவ்வளவுதான் கையில் என்றாலும் போதும் நண்பர்களே. தஞ்சாவூர்ப் பக்கத்துக் கோவில்களுக்கு ஒத்துவரும் சில குறிப்புகள் இதோ!

1. பல்லவி மக்களுக்கு, சரணம் குழுவுக்கு என்று முதலிலேயே பிரித்துவிடுங்கள். சரபோஜி மன்னர் காலத்தில் இதே தஞ்சையில் வாழ்ந்த வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) கர்நாடக மெட்டில் கட்டிய கீர்த்தனைகளால் இந்த அமைப்பு நம் மக்கள் காதுக்கு நன்றாகப் பழகியது. பல்லவி இரண்டு வரியைத் தாண்டாமல் இருந்தால் இரண்டாம் முறையே கோவில் முழுக்கச் சேர்ந்துகொள்ளும்.

2. மெட்டு போடும் முன்பே வரிகளைப் பங்குத்தந்தையிடமோ ஆயரிடமோ காட்டிவிடுங்கள். மெட்டு போட்ட பிறகு ஒரு சொல்லை மாற்றச் சொன்னால் ஒரு மாலை முழுவதும் வீணாகும்.

3. சுருதி பார்ப்பதில்தான் பாதி வெற்றி. மெட்டு ச-வில் தொடங்கி மேல் ச-வோடு நின்றால் ஒரு கட்டையிலிருந்து இரண்டு கட்டைக்குள் வையுங்கள். கீழ் ப-வுக்கு இறங்கி மேலே ப-வோடு நிற்கிற மெட்டா? நான்கு கட்டைதான் சரி. குழுவில் கணீரென்று பாடும் பெண்ணின் குரலுக்காக ஐந்தரைக்கு ஏற்றினால், பின்வரிசையில் ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக நிறுத்திவிடுவார்கள்.

4. காலை ஆறு மணிப் பூசைக்கு அதே பாட்டை அரைக் கட்டை இறக்கிவிடுங்கள், அந்நேரத்தில் யாருக்கும் தொண்டை திறந்திருக்காது. கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பொத்தானை ஒரு தட்டுத் தட்டினால் போதும், வாசிப்பவர் விரலை மாற்ற வேண்டியதில்லை.

5. எடுப்பு சமத்தில் இருக்கட்டும். அரை இடம் தள்ளி எடுக்கும் பாட்டு கச்சேரியில் அழகுதான். கோவிலில் முதல் சொல்லைப் பாதிப் பேர் விழுங்கிவிடுவார்கள். மெட்டு அப்படித்தான் அமைந்துவிட்டதென்றால், பல்லவியின் கடைசி வரியைக் கீபோர்டில் ஒருமுறை வாசித்துவிட்டுத் தொடங்குங்கள்.

6. நீளமான ஸ்வரத்தில் குறில் எழுத்து வந்து மாட்டாமல் பாருங்கள். ‘வரம் தாரும்’ என்பதை இழுத்துப் பாடினால் ‘வாரம் தாரும்’ ஆகிவிடும்! வரியைத் தாளம் போட்டு ஒருமுறை வாசித்தாலே தப்பு தெரிந்துவிடும்.

7. நான்கு குரலில் பாட ஆசையா? சங்கராபரணம், நடபைரவி போன்ற மெட்டுகளைத் தேர்ந்தெடுங்கள். மேல்நாட்டு மேஜர், மைனர் ஸ்கேல்களும் இவையும் ஒன்றுதான். தோடி போல கமகத்தால் உயிர்வாழும் ராகத்தில் கார்டு அடுக்கினால் ராகமும் கெடும், கார்டும் ஒட்டாது. அங்கே சுருதிப் பெட்டியும் ஒற்றைக் குரலும் போதும். ஆல்டோவுக்கு எளிய வழி: மெட்டுக்கு ஒரு ஸ்வரம் விட்டுக் கீழே நடக்கட்டும், ப-வுக்கு க, க-வுக்கு ச. மெட்டு கீழ் ச-வில் வந்து முடியும் இடத்தில் மட்டும் மந்திர ப-வைப் பிடிக்கட்டும். இந்த அலங்காரமெல்லாம் கடைசிச் சரணத்துக்கு. பல்லவியைக் குழுவும் ஒரே குரலில் பாடட்டும். மக்கள் பிடித்துக்கொள்ள மெட்டு தெளிவாகக் கேட்க வேண்டுமே!

8. மக்களுக்குச் சொல்லிக்கொடுக்க நடவுப் பாட்டு முறைதான் சிறந்தது. ஒருவர் ஒரு வரி பாட, மற்றவர்கள் அதையே திருப்பிப் பாடட்டும். நம் வயல்காட்டுப் பெண்களுக்கு இது புதிதல்ல. பூசைக்கு முன் ஐந்தே நிமிடம் போதும், தாளக் கருவி வேண்டாம்.

9. ஒரு ஏ-4 தாளில் நான்கு பிரதி அடித்து வெட்டினால் நூறு தாளில் நானூறு பேருக்குப் பாட்டு கிடைக்கும். பல்லவியை மட்டும் தடித்த எழுத்தில் போடுங்கள். குழுவினரின் பிரதியைப் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையின் வெற்றுப் பக்கத்தில் ஒட்டிவிட்டால் மின்விசிறிக் காற்றில் படபடக்காது, வருடக்கணக்கில் உழைக்கும்.

10. ஒவ்வொரு குரலையும் தனித்தனியாகப் பதிவு செய்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள். சமைக்கும்போதும் பஸ்ஸிலும் கேட்டுக்கொண்டே வருவார்கள். பயிற்சியில் சேர்ந்து பாடுவது மட்டுமே மிச்சம்.

11. காணிக்கைப் பாடல் எப்போது முடியும் என்பது பீடத்தைப் பொறுத்தது. எந்தச் சரணத்தோடும் நிறுத்தக்கூடியதாக அமைத்துக்கொள்ளுங்கள். திருவிருந்துக்கு வரிசை நீண்டால் இடையிசையை நீட்டுங்கள். பல்லவி மட்டும் தெரிந்தாலே போதும் என்பதால், வரிசையில் நடப்பவர்களும் தாளைப் பார்க்காமல் பாடலாம்.

12. தேர் பவனிக்கென்றால் இன்னும் சுருக்கம். வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 வரை பல மொழிக்காரர்கள் கூடுகிறார்கள். திரும்பத் திரும்ப வரும் ஒரு பெயரோ ‘அல்லேலூயா’வோ பல்லவியில் இருந்தால் மொழி தெரியாதவரும் சேர்ந்துகொள்வார்.

13. தை, மாசியில் சம்பா அறுவடை. களத்திலிருந்து இரவில் வருபவரைப் பயிற்சிக்குக் கூப்பிடாதீர்கள், ஞாயிறு பூசை முடிந்ததும் வைத்துக்கொள்ளுங்கள். தவக்கால ஞாயிறுகளில் வானவர் கீதமும் அல்லேலூயாவும் இல்லாததால் மிச்சமாகும் நேரத்தை ஈஸ்டர் பாட்டுக்குக் கொடுத்துவிடலாம்.

14. மைக் முன் நிற்பவர்கள் பல்லவி வந்ததும் ஓர் அடி பின்வாங்குங்கள். 1963-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு குறித்து வெளியிட்ட ஏடு மக்கள் முழுமையாகப் பங்கெடுக்க வேண்டும் என்றே கேட்டது. நம் ஒலிபெருக்கி அவர்கள் குரலை அமுக்கலாமா?

15. பாட்டு படிந்ததும் ஸ்வரம், கட்டை, தாளம், பாடிய ஞாயிறு எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இசைக்கென்றே கருணாமிர்த சாகரம் (1917) என்ற பெருநூலை எழுதிய ஆபிரகாம் பண்டிதர் வாழ்ந்த ஊர் நம் தஞ்சை; ஒரு பாட்டுக்கு ஒரு பக்கம் நம்மால் எழுத முடியாதா? அந்த நோட்டு கோவில் அலமாரியில் இருந்தால் குழுவுக்குப் புதிதாக வருபவர் முதல் நாளே சேர்ந்து பாடலாம்.