நகரப் பிரயாணத்துக்கு ஏற்ற இலேசான ஸ்கூட்டர்

ஸ்கூட்டர் வாங்க வருவோர் கடையில் முதலில் கேட்கும் கேள்வி, ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு அது எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதே. கேள்வி நியாயமானதுதான், ஆனால் அதற்கு அளிக்கப்படும் முக்கியத்துவம் மிகையானது. நாள்தோறும் 20 கிலோமீட்டர் வீதம் மாதத்தில் 25 நாட்கள் பிரயாணம் செய்யும் ஓர் ஆசிரியரை எடுத்துக்கொள்ளலாம். அவர் மாதத்தில் 500 கிலோமீட்டர் செல்கிறார். லிட்டருக்கு 45 கி.மீ. ஓடும் வண்டிக்கு 11 லிட்டருக்குச் சற்று மேலாகவும், 50 கி.மீ. ஓடும் வண்டிக்கு 10 லிட்டரும் செலவாகும். வித்தியாசம் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரே லிட்டர். பரீட்சை நாளன்று வண்டி பாதி வழியில் நின்றுவிட்டால், ஆட்டோ வாடகை, வண்டியைப் பட்டறைக்குக் கொண்டு செல்லும் செலவு, பழுது பார்க்கும் கூலி ஆகியவை சேர்ந்து பல மாதங்களின் சேமிப்பை ஒரே நாளில் விழுங்கிவிடக்கூடும்.

ஆகவே, நகரில் அன்றாட உபயோகத்துக்கு வண்டியைத் தேர்ந்தெடுப்பவர் முதலில் ஆராய வேண்டியவை இரண்டு. வண்டியின் பாரம் தமது உடலுக்கு ஏற்றதா என்பது ஒன்று. அது தவறாமல் கிளம்பி, தவறாமல் ஓடி, பழுதுற்றால் அருகிலேயே சீராகுமா என்பது மற்றொன்று.

பழைய வண்டியும் புதிய வண்டியும்

இன்று பழக்கத்திலுள்ள ஸ்கூட்டரின் வடிவத்துக்கு வழிகாட்டியது, 1946-இல் இத்தாலியில் பியாஜியோ நிறுவனம் வெளியிட்ட வெஸ்பா ஆகும். அதை வகுத்த கொராதினோ தஸ்கானியோ ஒரு விமானப் பொறியியலாளர். தனிச் சட்டம் ஏதுமின்றி, அழுத்தி வளைத்த எஃகுத் தகட்டாலான உடலே பாரத்தைத் தாங்கும்படி அவர் அதை அமைத்தார். இந்தியச் சாலைகளில் நெடுங்காலம் ஓடிய பஜாஜ் சேத்தக், 1972-இல் வெளிவந்தது; இவ்வழியில் வந்த வண்டியே அது. கியர் மாற்றுவது இடக் கைப்பிடியில். எஞ்சின் ஒரு பக்கமாக அமைந்தது. குளிர்ந்த காலைகளில் வண்டியை ஒரு பக்கம் சாய்த்துப் பிடித்துப் பின்பு உதைத்துக் கிளப்பியதை மூத்தோர் பலர் மறந்திருக்கமாட்டார்கள்.

1984-இல் வந்த கைனடிக் ஹோண்டா, கியர் மாற்றும் வேலையையும் உதைக்கும் வேலையையும் ஓட்டுநரிடமிருந்து நீக்கியது. இன்று விற்பனையாகும் பெட்ரோல் ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் அம்முறையையே பின்பற்றுகின்றன. இவற்றில் குழாய்ச் சட்டமே பாரத்தைத் தாங்குகிறது; மேலே உள்ள உறை சிலவற்றில் தகடு, பலவற்றில் பிளாஸ்டிக். பிளாஸ்டிக் உறை எடையைக் குறைக்கும். ஆனால் விழுந்தால் வெடிக்கும். தகட்டில் விழுந்த பள்ளத்தைத் தட்டி எடுக்கலாம். வெடித்த பிளாஸ்டிக்கைப் பெரும்பாலும் மாற்றத்தான் வேண்டும்.

பாரம் எங்கே இருக்கிறது?

எஞ்சின் பெரிதானால் வண்டி கனமாகும் என்று எண்ணுவது இயல்பு. உண்மை எப்போதும் அவ்வாறில்லை. 2020 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 புகைத் தரத்துக்கு ஏற்ப வந்த வண்டிகளில், 109.5 கன செ.மீ. எஞ்சின் கொண்ட ஹோண்டா ஆக்டிவா 6ஜி-யின் எடை 106 கிலோ. 125 கன செ.மீ. வகையைச் சேர்ந்த யமஹா பாசினோவின் எடையோ 99 கிலோவே. 87.8 கன செ.மீ. எஞ்சினுடைய டி.வி.எஸ். ஸ்கூட்டி பெப் பிளஸ் 93 கிலோவாக இருந்தது. இவ்வெண்கள் எண்ணெயும் பெட்ரோலும் நிரப்பிய நிலையில் கூறப்படுபவை. வகைக்கு வகை சிறிது மாறும். ஆதலால் வாங்கும் வண்டியின் குறிப்பேட்டில் உள்ள எண்ணையே பார்க்க வேண்டும்.

அந்த எண்ணும் முழு உண்மையைச் சொல்லாது. ஓடும்போது எடை கையில் தெரிவதில்லை. சிக்னலில் ஒரு காலை ஊன்றி நிற்கும்போதும், நெரிசலான நிறுத்துமிடத்திலிருந்து பின்னால் இழுக்கும்போதும், ஸ்டாண்டு போடும்போதுமே அது தெரியும். 100 கிலோ எடையும், தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் ஈர்ப்பு மையமும் உள்ள வண்டி ஒன்றைக் கற்பனை செய்யலாம். அது 10 பாகை சாயும்போது கைப்பிடியைப் பற்றித் தாங்க உத்தேசமாக 9 கிலோ விசை போதும். 25 பாகை சாய்ந்துவிட்டால் 22 கிலோ விசை வேண்டும். சாய்வு சிறிதாக இருக்கையில் வண்டி ‘இலேசு’. சற்றே கூடினால் அதே வண்டி ‘பாரம்’. குட்டையான உடல் உள்ளவருக்கு 93 கிலோ வண்டியே கைநழுவுவதும், உயரமானவர் 106 கிலோ வண்டியை எளிதில் தாங்குவதும் இக்காரணத்தாலேயே.

ஆகையால் இருக்கையின் உயரத்தைக் கட்டாயம் சோதிக்க வேண்டும். பல ஸ்கூட்டர்களில் அது 760 முதல் 780 மில்லிமீட்டர் வரை இருக்கும். இருக்கை அகலமாயின் உயரம் குறைவாக இருந்தும் கால் எட்டாது. அன்றாடம் அணியும் செருப்போடும், சேலையோ கால்சட்டையோ அணிந்த அந்த உடையோடும் அமர்ந்து, இரு பாதங்களின் முன்பகுதியாவது தரையில் நன்கு படிகிறதா என்று பார்ப்பது நலம். பின்பு இறங்கி, ஸ்டாண்டின் மிதியில் உடல் எடை முழுவதையும் வைத்து வண்டியை நிறுத்திப் பார்க்கவேண்டும். இங்கு வேலை செய்ய வேண்டியது கால். கை வெறுமனே வழிகாட்டினால் போதும். முதுகால் தூக்க வேண்டியிருந்தால் அந்த வண்டி ஏற்றதன்று.

வகுப்பில் செய்துகாட்டக்கூடிய ஒரு சோதனை

உடல் எடை பார்க்கும் தட்டையான தராசு ஒன்றும், அதே உயரமுள்ள பலகை ஒன்றும் போதும். முன் சக்கரத்தைத் தராசிலும் பின் சக்கரத்தைப் பலகையிலும் நிறுத்தி, ஒருவர் வண்டியை நேராகப் பிடித்துக்கொள்ள, அளவைக் குறிக்கவேண்டும். பின்பு இடம் மாற்றிப் பின் சக்கரத்தின் பாரத்தை அறியவேண்டும். முன்னே 40, பின்னே 60 கிலோ என்று வந்ததாகக் கொள்ளலாம். சக்கரங்களின் இடைத்தூரம் 1,250 மி.மீ. எனில், ஈர்ப்பு மையம் பின் அச்சுக்கு 500 மி.மீ. முன்னால் உள்ளது. 60 கிலோ எடையுள்ள ஓட்டுநர் பின் அச்சுக்கு 400 மி.மீ. முன்னால் அமர்ந்தால், முன் சக்கரத்தில் 59, பின் சக்கரத்தில் 101 கிலோ இறங்கும். அதே எடையுள்ள மற்றொருவர் பின் அச்சுக்கு நேர் மேலே அமர்ந்தால் பின் சக்கரத்தின் பங்கு 161 கிலோவாகும். அதாவது மொத்தப் பாரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு. பின்னால் ஆளையும் கனத்த சாமானையும் ஏற்றியவுடன் கைப்பிடி தளர்ந்து ஆடுவதேன் என்பது மாணவருக்கு இதனால் தெளிவாகும். நாள்தோறும் இருவர் செல்வதாயின் மிகவும் இலேசான வண்டியை நாடுவது பொருத்தமன்று.

நம்பகம் எதைப் பொறுத்தது?

கியரற்ற ஸ்கூட்டரில் எஞ்சினின் விசையைப் பின் சக்கரத்துக்குக் கொண்டு செல்வது ஒரு ரப்பர் பெல்ட். முன் கப்பியிலுள்ள சிறு உருளைகள் வேகம் கூடும்போது வெளிநோக்கி விலகிக் கப்பியின் விட்டத்தை மாற்றுகின்றன. அதுவே கியர் மாற்றுவதற்கு ஈடு. இந்தப் பெல்ட் தேயும். பலர் அதை அறுந்த பிறகே நினைவு கூர்கின்றனர். மாற்ற வேண்டிய கிலோமீட்டர் அளவு கையேட்டில் கொடுக்கப்பட்டிருக்கும். மேம்பாலச் சரிவில் பிரேக் பிடிக்காமல், முடுக்கியைத் திருகியே வண்டியை நிறுத்தி வைக்கும் பழக்கம், கிளட்சைச் சுட வைத்து அதன் ஆயுளைக் குறைக்கும். நகர நெரிசலில் இப்பழக்கம் மிகப் பரவலாகக் காணப்படுகிறது.

2020-க்குப் பின் வந்த வண்டிகளில் கார்புரேட்டர் இல்லை. மின்சாரத்தால் இயங்கும் பம்பு பெட்ரோலைச் செலுத்துகிறது. பாட்டரி முற்றிலும் இறங்கிவிட்டால் உதைத்தாலும் வண்டி கிளம்பாமற் போகலாம். பள்ளி விடுமுறைகளில் வாரக்கணக்கில் வண்டியை நிறுத்தி வைப்போர் இதை மனத்திற் கொள்ளவேண்டும். வாரம் ஒருமுறை சில கிலோமீட்டர் ஓட்டுவது போதுமானது.

பெல்ட், பிரேக் கட்டைகள், கேபிள்கள் ஆகிய மூன்றும் தமது பேட்டையிலேயே கிடைக்குமா என்பதை வாங்கு முன்பே விசாரித்தறிய வேண்டும். கடையில் கேட்பதைவிட, தெருக்கோடியில் உள்ள மெக்கானிக்கிடம் கேட்பது மேல். எந்த வண்டி எதற்காகத் தம் பட்டறைக்கு அடிக்கடி வருகிறது என்பதை அவர் தயங்காமல் சொல்லுவார். அதிகம் விற்ற வண்டிக்கு உதிரிப் பாகம் எளிதில் கிடைப்பதும் இயற்கையே. அழகிற்காக அரிய வண்டியை வாங்கியவர்கள் ஒரு கண்ணாடிக்காக மாதக்கணக்கில் காத்திருக்க நேரிடலாம்.

சக்கரமும் பிரேக்கும்

10 அங்குலச் சக்கரத்தைவிட 12 அங்குல முன் சக்கரம் குழிகளை எளிதில் கடக்கும். மழைக்காலத்தில் குழி தண்ணீருக்குள் மறைந்துகிடக்கும் மும்பை போன்ற நகரங்களில் இது சிறு விஷயமன்று. 125 கன செ.மீ. வரையிலான வண்டிகளில், ஒரு பிரேக்கைப் பிடித்தால் இரு சக்கரங்களிலும் பிடிக்கும் இணைப்பு அமைப்போ, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்போ இருப்பது 2019 ஏப்ரல் முதல் கட்டாயம். அதற்கு முந்திய பழைய வண்டியை வாங்குவோர், இவ்வமைப்பு அதில் இல்லாமலிருக்கலாம் என்பதை அறிந்து வாங்கவேண்டும்.

மணிக்கு 40 கி.மீ. வேகத்தில், கண் கண்டு கை பிடிக்க ஒரு விநாடி என்று கொண்டால், உலர்ந்த சாலையில் வண்டி நிற்க ஏறக்குறைய 23 மீட்டர் தேவை. 60 கி.மீ. வேகத்தில் அது 45 மீட்டரை நெருங்கும். இக்கணக்கில் வண்டியின் எடை வரவில்லை என்பதைக் கவனிக்கலாம். டயரின் பிடிப்பும் வேகமுமே இங்கு முடிவு செய்கின்றன. தேய்ந்த டயரோடு கூடிய இலேசான வண்டி, நல்ல டயருள்ள கனத்த வண்டியைவிடத் தள்ளியே நிற்கும். டயரின் காற்றழுத்தத்தை வாரம் ஒருமுறை, டயர் குளிர்ந்திருக்கும்போது, அதாவது காலையில் வீட்டுக்கு அருகிலுள்ள பங்கில், சரிபார்த்துக்கொள்ள வேண்டும். பின்னால் ஆள் ஏற்றும் நாட்களில் பின் டயருக்கு எவ்வளவு கூடுதல் அழுத்தம் வேண்டும் என்பது கையேட்டிலும், பல வண்டிகளில் ஒட்டப்பட்டுள்ள சிறு வில்லையிலும் குறிக்கப்பட்டிருக்கும்.