தூங்கத் தெரிந்த கைபேசி



தங்கை கல்லூரியில் சேர்ந்தாள். அவள் படிப்புக்கு ஸ்மார்ட்போன் அவசியம். வீட்டில் இன்னொன்று வாங்க வசதியில்லை. என்னுடையதை அவளிடம் கொடுத்துவிட்டு, நான் பட்டன் போனுக்கு மாறினேன். "என்னடா, ரிவர்ஸ் கியர் போட்டுட்டே?" என்று வகுப்பே கேட்டது. எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறவன் வாயால் மட்டும் பதில் சொல்லலாமா? இதோ கணக்கு.

1. பேட்டரி: ஸ்மார்ட்போனில் 5000 மில்லி ஆம்பியர்-மணி, 20 மணி நேரம் தாங்கியது. சராசரி மின்னோட்டம் 5000 ÷ 20 = 250 மில்லி ஆம்பியர். பட்டன் போனில் வெறும் 1000; ஆனால் 100 மணி நேரம் நிற்கிறது. 1000 ÷ 100 = 10 மில்லி ஆம்பியர். 25 மடங்கு வித்தியாசம்!

2. காரணம்: 2ஜி போன், பேசாத நேரத்தில் பெரும்பாலும் தூங்குகிறது. அரை வினாடி முதல் 2 வினாடிக்குள் ஒருமுறை கண் விழித்து, 'எனக்கு அழைப்பு உண்டா?' என்று கோபுரத்தின் பேஜிங் சிக்னலைக் கவனிக்கும். இல்லையென்றால் மறுபடி தூக்கம். ஸ்மார்ட்போனுக்கும் இப்படித் தூங்கத் தெரியும். ஆனால் பெரிய திரையும், டேட்டாவும், பின்னணியில் ஓடும் செயலிகளும் விட்டால்தானே!

3. குறுஞ்செய்தி: உலகின் முதல் எஸ்.எம்.எஸ். 1992 டிசம்பர் 3 அன்று இங்கிலாந்தில் அனுப்பப்பட்டது. ஒரு செய்தியின் கொள்ளளவு 140 பைட், அதாவது 1120 பிட். ஆங்கில எழுத்துக்கு 7 பிட் வீதம் 160 எழுத்துகள். தமிழுக்கு 16 பிட் தேவைப்படுவதால் 70 குறியீடுகள்தான். சுருங்கச் சொல்லப் பழக இதைவிட நல்ல வாத்தியார் உண்டா?

கஷ்டமே இல்லையா என்றால், உண்டு. வகுப்புக் குழுவில் வரும் நோட்ஸை நண்பனிடம் வாங்கி ஜெராக்ஸ் எடுக்கிறேன். கேன்டீனில் கியூஆர் ஸ்கேன் பண்ண முடியாது, சில்லறை வைத்துக்கொள்கிறேன். ஆனால் பட்டன் போனிலும் பணம் அனுப்பலாம்: *99# சேவை இருக்கிறது, 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி யுபிஐ 123பே தொடங்கி வைத்தது. வாங்குமுன் ஒன்றைக் கவனியுங்கள்: ஜியோவுக்கு 2ஜி கிடையாது. அந்த சிம்முக்கு 4ஜி பட்டன் போன்தான் வேண்டும்.

எனக்குக் கிடைத்த லாபம் பஸ்ஸில் போகும் 40 நிமிடம். மைக்ரோகன்ட்ரோலர் பாடத்தை அந்த நேரத்தில்தான் முடித்தேன். இப்போது போன் அடித்தால், யாரோ ஒரு மனுஷர் என்னைத் தேடுகிறார் என்று அர்த்தம்.

எல்லோரும் மாறுங்கள் என்று சொல்ல வரவில்லை. மாடல் எக்ஸாம் வாரத்தில் ஒரே ஒரு நாள் டேட்டாவை அணைத்து வையுங்கள். மேலே போட்ட கணக்கை உங்கள் போனுக்கும் போடுங்கள். அப்படியே அன்று படித்த பக்கங்களையும் எண்ணுங்கள். தேவைப்படும்போது மட்டும் விழிக்கும் கருவி நீடித்து உழைக்கும். மனித மூளைக்கும் இந்தப் பாடம் பொருந்தும்தானே, தோழர்களே!

— மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை