சுதாவுக்கு, மேமோகிராம் பற்றி

அன்புள்ள சுதாவுக்கு,

ஆபீஸில் கொடுத்த ஹெல்த் செக்கப் பேக்கேஜில் மார்பகத்தை எக்ஸ்ரே எடுக்கிற மேமோகிராமும் சேர்ந்திருக்கிறது, எடுத்துவிடட்டுமா சித்தி என்று கேட்டிருந்தாய். போனில் ஒரு வார்த்தையில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை என்பதால் எழுதுகிறேன். நிதானமாகப் படி.

முதலில் ஒன்றைத் தனியாகப் பிரித்து வைத்துக்கொள். மார்பில் கட்டி தட்டுப்பட்டாலோ, தோல் குழிந்தாலோ, காம்பு புதிதாக உள்ளே இழுத்துக்கொண்டாலோ, அதிலிருந்து ரத்தம் கசிந்தாலோ, நன்மை தீமையை எடைபோட்டுக்கொண்டிருக்கக் கூடாது. அந்த வாரமே டாக்டரிடம் போய்விட வேண்டும். சர்ஜரி வார்டில் நர்ஸாக நான் பார்த்தவர்களில் பலர் கட்டி இருப்பது தெரிந்தே மாதக்கணக்கில் மறைத்தவர்கள். ஒரு அம்மா, புண்ணாகி நீர் வடிந்த மார்பின் மேல் பழைய வேட்டித் துணியை மடித்து வைத்து, இறுக்கமாக ஜாக்கெட் போட்டுக்கொண்டு வந்தார். ஏம்மா முன்னாடியே வரலை என்றதற்கு, "வலிக்கலையே சிஸ்டர்" என்றார். ஆரம்பத்தில் புற்றுக் கட்டி பெரும்பாலும் வலிப்பதே இல்லை. இந்தியாவில் 2022-இல் மட்டும் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது, 98,000 பேர் இறந்தார்கள் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். இத்தனை பேர் சாவதற்கு, நோய் முற்றிய பிறகு வருவது ஒரு பெரிய காரணம்.

உனக்கு அப்படி ஒரு தொந்தரவும் இல்லை. நன்றாக இருக்கிற பெண், நோய் இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பதைத்தான் நீ கேட்கிறாய். அதில் லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. விளம்பரத்தில் லாபம் மட்டும்தான் இருக்கும்.

பிரிட்டனில் 2012-இல் ஒரு தனிக் குழு பழைய ஆய்வுகளையெல்லாம் சேர்த்து ஆராய்ந்து ஒரு கணக்குச் சொன்னது. 50 வயதான 10,000 பெண்களை 20 வருடம் தொடர்ந்து மேமோகிராமுக்கு அழைத்தால், 43 பேர் மார்பகப் புற்றுநோயால் சாவது தடுக்கப்படும். அதே 10,000 பேரில் 129 பேருக்கு, வாழ்நாள் முழுக்க எந்தத் தொல்லையும் தந்திருக்காத ஒரு புற்று கண்டுபிடிக்கப்பட்டு, வைத்தியமும் நடக்கும். 43 உயிர் என்பது சின்ன விஷயமில்லை, சுதா. ஆனால் அந்த 129 பேரையும் நினைத்துப் பார். பால்குழாய்க்குள்ளேயே அடங்கிக் கிடக்கிற புற்று சிலருக்குப் பரவாமலே இருந்துவிடும். யாருக்குப் பரவும், யாருக்குப் பரவாது என்று எந்த டாக்டராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதனால் எல்லோருக்கும் ஆபரேஷன், பலருக்குக் கதிர்வீச்சு, வருடக்கணக்கில் மாத்திரை. அவர்கள் ஒவ்வொருவரும் "நல்லவேளை, சீக்கிரம் பார்த்தார்கள், பிழைத்தேன்" என்றுதான் நம்புவார்கள். அந்த நம்பிக்கை யாருக்கு உண்மை, யாருக்கு இல்லை என்பது அவர்களுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

"சீக்கிரம் கண்டுபிடித்தால் ஐந்து வருடம் தாண்டிவிடுவார்கள்" என்ற பேச்சையும் அப்படியே நம்பாதே. 70 வயதில் சாகப்போகிற ஒருத்திக்கு நோய் 67-இல் தெரிந்தால் மூன்று வருடம் இருந்தாள் என்போம். 60-இலேயே தெரிந்தால் பத்து வருடம் இருந்தாள் என்போம். ஆயுள் ஒரு நாளும் கூடவில்லை, நோயாளியாக இருந்த காலம்தான் கூடியது. அதனால், எத்தனை பேர் சாவது குறைந்தது என்ற கேள்வியை மட்டும் கேள்.

பொய் எச்சரிக்கை இன்னொரு தொல்லை. சந்தேகம் என்று கூப்பிடுவார்கள், திரும்பப் படம், ஸ்கேன், பிறகு ஊசி விட்டுத் திசு எடுப்பார்கள். ரிப்போர்ட் வரும்வரை வீட்டில் ஒருவருக்கும் தூக்கம் இருக்காது. கடைசியில் ஒன்றுமில்லை என்பார்கள். உன் வயதில் இது அதிகம். மாதவிலக்கு நிற்காத பெண்ணுக்கு மார்பில் சுரப்பித் திசு அடர்த்தியாக இருக்கும். படத்தில் அதுவும் வெள்ளை, கட்டியும் வெள்ளை. இல்லாததைச் சந்தேகப்படுவதும் நடக்கும், இருப்பது மறைந்துபோவதும் நடக்கும். மேமோகிராமின் கதிர்வீச்சுக்காகப் பயப்படாதே, அது மிகக் கொஞ்சம்.

இதனால்தான் நாடுகளே ஒத்துப்போவதில்லை. அமெரிக்காவின் நோய்த்தடுப்புக் குழு 2024 முதல் 40 வயதிலேயே தொடங்கி இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எடுக்கச் சொல்கிறது. பிரிட்டனில் 50-க்கு மேல்தான், அதுவும் மூன்று வருடத்துக்கு ஒருமுறை. நமக்கு நெருக்கமான ஆய்வு மும்பை டாடா நினைவு மருத்துவமனை நடத்தியது. 1998-இல் தொடங்கி, குடிசைப் பகுதிகளில் ஒன்றரை லட்சம் பெண்கள், 20 வருடம். மேமோகிராமே இல்லை. பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் கையால் தொட்டுப் பார்த்தார்கள். 50 வயதைத் தாண்டியவர்களில் இந்த நோயால் சாவது ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. அதற்குக் கீழே அப்படிக் குறையவில்லை. விலை உயர்ந்த மெஷினை விட அந்தக் கைகள் மேல்தான் எனக்கு மரியாதை.

நம் பக்கம் இந்த நோய் யாருக்கும் வந்ததில்லை. உன் அப்பா வழியில் விசாரித்தாயா? இது அப்பா வழியாகவும் வரும், அதைப் பலர் கேட்பதே இல்லை. அத்தைகளில் யாருக்காவது 50-க்கு முன்னால் மார்பிலோ, எந்த வயதிலாவது சினைப்பையிலோ புற்று வந்திருந்தால் நான் மேலே எழுதிய கணக்கெல்லாம் உனக்குப் பொருந்தாது. உடனே புற்றுநோய் டாக்டரைப் பார்.

அப்படி யாரும் இல்லையென்றால், 42 வயதில் உன் இடத்தில் நான் இருந்தால் இப்போது எடுக்க மாட்டேன். டாக்டரிடம் கையால் பரிசோதித்துக்கொண்டு, 50 நெருங்கும்போது தொடங்குவேன். எடுத்தால்தான் மனசு நிம்மதி என்று உனக்குத் தோன்றினால் எடு, அதுவும் தப்பில்லை. ஆனால் பேக்கேஜ் வருகிறதே என்று வருடா வருடம் வேண்டாம். மாதவிலக்கு முடிந்த வாரத்தில் போ, மார்பை அழுத்தும்போது வலி குறைவாக இருக்கும். கக்கத்தில் பவுடர், டியோடரண்ட் எதுவும் போடாதே, படத்தில் சுண்ணாம்புத் துகள் மாதிரி தெரிந்து வீண் சந்தேகம் கிளப்பும். படத்தைப் பத்திரமாக வை, அடுத்த முறை ஒப்பிட வேண்டும். ரிப்போர்ட்டில் பைராட்ஸ் (BI-RADS) என்ற தர எண் 0 என்று இருந்தால் இன்னும் படம் தேவை என்றுதான் அர்த்தம். 3 என்றால் புற்றாக இருக்கும் வாய்ப்பு 2 சதவீதத்துக்குள்தான், ஆறு மாதத்தில் திரும்பப் பார்ப்பார்கள். நெட்டில் தேடி அழாதே, என்னைக் கூப்பிடு.

இன்னொரு விஷயம். உன் அம்மாவுக்கு 63 ஆகிறது. இந்தப் பரிசோதனையால் அதிக லாபம் அவள் வயதுக்காரர்களுக்குத்தான். அக்கா இதுவரை ஒரு டாக்டரிடமும் மார்பைக் காட்டியதில்லை. கேட்டால் "எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்" என்பாள். பெண் டாக்டர்தான் பார்ப்பார், நீயும் கூடவே உள்ளே வருவாய் என்று சொல்லு. அப்போதும் மறுத்தால், தை பிறந்ததும் நானே வந்து கூட்டிக்கொண்டு போகிறேன்.

அன்புடன்,
சித்தி