பேரழிவு பறித்ததைப் படமும் இழக்கட்டும்



ஊழிக்குப் பிந்தைய திரைப்படம் எனப்படும் வகைமை, அதாவது அணுப்போராலோ கொள்ளைநோயாலோ காரணமே சொல்லப்படாத வேறொரு கேட்டாலோ மனித நாகரிகம் குலைந்த பின்னர் எஞ்சியிருப்போரின் வாழ்வைச் சொல்லும் கதைமரபு, மாணவர் குறும்படங்களில் மீண்டும் மீண்டும் தலைகாட்டுவதற்குத் தக்க காரணம் உண்டு: ஓரிரு நடிகர்கள், ஆளரவமற்ற ஓர் இடம், தண்ணீரோ மருந்தோ தேடும் ஒரு தேவை ஆகியவற்றைக் கொண்டே உயிர்ப்போராட்டம் ஒன்றைச் சொல்லிவிட அது இடமளிக்கிறது. ஆயினும் அவ்வாறு உருவாகும் படங்களுள் பல, பூட்டிக் கிடக்கும் ஆலை, முகக்கவசம், முதுகுப்பை, சாம்பல் பூத்த வானம் என்று ஒரே பொருள்களை அடுக்கி, உலகம் அழிந்துவிட்டது என்னும் செய்தியைத் தெரிவிப்பதோடு நின்றுவிடுகின்றன. அவ்வுலகில் ஒரு நாளைக் கழிப்பது எத்தகையது என்பதைப் பார்வையாளரின் கண்ணும் காதும் உணர்வதில்லை.

திரைக்கதையின் முதற்காட்சியை எழுதுமுன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்தப் பேரழிவு மனிதரிடமிருந்து எதைப் பறித்தது? விடை தெளிவானதும், பறிபோன அதையே படத்தின் வடிவத்திடமிருந்தும் பறித்துவிட வேண்டும். வடிவம் என்று இங்கே குறிக்கப்படுவது ஷாட்டின் நீளம், அசைவு, வண்ணம், ஒலி, வெட்டு ஆகியவற்றின் தொகுதி. அவற்றுள் ஒன்று கதைமாந்தர் இழந்ததோடு சேர்ந்து இழக்கப்படும்போது, இழப்பு வசனத்தில் விளக்கப்பட வேண்டிய தேவையே எழுவதில்லை. இவ்வகைமையின் சிறந்த படங்கள் பலவும் இந்த நெறியில் நடந்திருக்கின்றன.

இதற்கு முதற்சான்றாகக் கொள்ளத்தக்கது பிரெஞ்சு இயக்குநர் கிறிஸ் மார்க்கர் 1962இல் வெளியிட்ட ‘லா ஜெதே’. 28 நிமிடமே ஓடும் இப்படத்தில், மூன்றாம் உலகப்போருக்குப் பின் பாரிஸ் நகரின் நிலத்தடிக் கூடங்களில் அடைபட்டோருள் ஒரு கைதி, சிறுவயதில் ஓர்லி விமானநிலையத்தில் கண்ட ஒரு பெண்ணின் முகத்தை மறவாதிருப்பதாலேயே காலப்பயணச் சோதனைக்குத் தேர்ந்தெடுக்கப்படுகிறான். படம் ஏறக்குறைய முழுவதும் அசையா நிழற்படங்களால் ஆனது; அவற்றின் மேல் ஒரே ஒரு கதைசொல்லியின் குரல் ஒலிக்கிறது. நிகழ்காலம் தொடர்ந்து ஓடும் தன்மையை இழந்து, நினைவில் நிலைத்த துண்டுகளே ஒருவனுக்கு எஞ்சியிருக்கின்றன என்பதைச் சொல்ல, மார்க்கர் சினிமாவின் அடிப்படை ஆற்றலான அசைவையே விலக்கிவைத்தார். நகரத்தின் அழிவு சில நிழற்படங்களோடு முடிந்துவிடுகிறது. சோதனை நடத்துவோர் ஜெர்மன் மொழியில் முணுமுணுக்கும் ஒலியும் இதயத் துடிப்பும் நிலத்தடிக் கூடத்தைக் கட்டி எழுப்பிவிடுவதால், அக்கூடத்தின் முழுப்பரப்பையும் காட்டும் அகன்ற ஷாட் எதற்கும் வேலையில்லாமற் போகிறது. குறைந்த செலவில் படமெடுப்போர்க்கு இம்முறை பெரிதும் பயன்படும்: ஓர் இடத்தின் அளவையும் அச்சத்தையும் காது அறிந்துகொண்டபின், கண்ணுக்கு ஒரு முகமும் ஒரு சுவரும் போதும்.

ஆனால் இதைப் பார்த்துவிட்டு நிழற்படங்களால் ஒரு குறும்படம் செய்யப் புறப்படுவது மார்க்கரைப் புரிந்துகொண்டதாகாது. நினைவைப் பற்றியதல்லாத கதையில் அசையாப் படங்கள் வெறும் அலங்காரமாகிவிடும். எடுத்துக்கொள்ள வேண்டியது அவர் செய்த தேர்வின் முறையே. லூக் பெசோன் தம் முதல் முழுநீளப் படமான ‘லெ தெர்னியே கொம்பா’வை 1983இல் கறுப்பு வெள்ளையில் எடுத்தபோது, அழிவுக்குப் பின் மனிதர் பேசும் திறனையே இழந்துவிட்டதாக வைத்துக்கொண்டு, வசனத்தையும் படத்திலிருந்து நீக்கிவிட்டார், அதனால் ஒவ்வொரு பகையும் நட்பும் கைகளாலும் பொருள்களாலும் சொல்லப்பட வேண்டியதாயிற்று. ஜான் கிராசின்ஸ்கியின் ‘எ கொயட் பிளேஸ்’ (2018) ஓசையைக் கேட்டு வேட்டையாடும் உயிரினங்களின் உலகத்தைக் காட்டுவதால், அதில் ஓசை ஒவ்வொன்றும் உயிராபத்தாகிறது. செவிப்புலன் அற்ற மகளின் நிலையிலிருந்து காட்சி காணப்படும்போது, சில இடங்களில் ஒலித்தடம் முற்றிலும் அடங்கிவிடுகிறது. மாணவர் படங்களில் பெரும்பாலும் இறுதிவரை கவனிக்கப்படாமல் விடப்படுவது ஒலியே என்பதால், படப்பிடிப்பு நடக்கும் இடம் ஒவ்வொன்றிலும் அனைவரும் வாய்மூடி நிற்க, அவ்விடத்தின் இயல்பான ஒலியை, அதாவது ஆம்பியன்ஸ் எனப்படுவதை, ஒரு நிமிடமாவது தனியே பதிந்துகொள்ள வேண்டும். அமைதியைக் காட்ட ஒலித்தடத்தை வெறுமையாக விட்டால் அது கருவிக் கோளாறாகவே காதில் படும். முழு அமைதி வேண்டுமாயின், அதற்கு முன் ஒரு சிற்றொலி கேட்டுக்கொண்டிருந்து நின்றாக வேண்டும்.

ஆந்த்ரேய் தார்க்கோவ்ஸ்கியின் ‘ஸ்டாக்கர்’ (1979) கறாரான பொருளில் ஊழிக்குப் பிந்தைய படம் என்று சொல்லத்தக்கதன்று. ஆயினும் இவ்வகைமையில் உழைக்க விரும்புவோர் ஒவ்வொரு ஷாட்டாக நிறுத்தி நிறுத்திப் பயிலத்தக்க படம் அதுவே. எஸ்டோனியாவில் தாலின் நகருக்கு அருகே கைவிடப்பட்ட நீர்மின் நிலையங்களையும் புல்வெளிகளையும் கொண்டு உருவாக்கப்பட்ட ‘மண்டலம்’ என்னும் தடைசெய்யப்பட்ட நிலப்பரப்பில், ஆபத்து நிறைந்திருப்பதாகச் சொல்லப்படுகிறது. ஆனால் அந்த ஆபத்து ஒருமுறையும் கண்ணுக்குக் காட்டப்படுவதில்லை. வழிகாட்டி, துணிக்கீற்று கட்டிய இரும்பு நட்டு ஒன்றை முன்னே எறிந்து, அது விழுந்த இடம்வரை மட்டுமே உடன்வருவோரை நடக்க விடுகிறான்; நேராகச் செல்லக் கூடாது, வந்த வழியே திரும்பக் கூடாது என்னும் விதிகளே சாதாரணப் புல்தரையை அச்சுறுத்தும் நிலமாக்கிவிடுகின்றன. காலடி மண்ணின் மீது மனிதர்க்கு இருந்த நம்பிக்கை இங்கே பறிபோயிருப்பதால், ஆபத்து உண்மையா பொய்யா என்று உறுதிசெய்யும் ஷாட்டைப் பார்வையாளர்க்கும் தார்க்கோவ்ஸ்கி மறுத்துவிடுகிறார். கணினி வரைகலைக்கு வசதியில்லாத மாணவர்க்கு இதைவிடப் பெரிய கொடை வேறில்லை. நடிகர்கள் ஒரு விதிக்கு முழுமனத்தோடு கீழ்ப்படிந்து நடந்தால், அவ்விதியின் பின்னாலிருக்கும் பூதத்தைப் பார்வையாளர் தாமே படைத்துக்கொள்வர்.

அதே படத்தில், வழிகாட்டியும் உடன்வரும் இருவரும் சிறு தண்டவாள வண்டியில் அமர்ந்து மண்டலத்துக்குள் செல்லும் காட்சியை ஒலிக்காகவே தனியே கேட்டுப் பார்க்க வேண்டும். கேமரா அம்மூவரின் தலைகளையே விடாது பற்றிக்கொண்டிருக்க, சக்கரங்களின் தடதடப்பு, எதுவார்த் அர்த்தெமியெவின் மின்னணு இசைக் கருவியால் சிறிது சிறிதாக உருமாறி, எந்தக் கணத்தில் அது தண்டவாள ஒலியாக இருப்பதை விட்டது என்று சொல்ல முடியாதபடி வேறொன்றாகிவிடுகிறது. அதுவரை பழுப்பு நிறத்தில் இருந்த படம் அதன்பின்னரே வண்ணத்துக்கு மாறிப் பசுமை தோன்றுகிறது. எல்லையைக் கடந்துவிட்ட செய்தியைக் காது முதலிலும் கண் பிறகும் பெறுகின்றன.

வண்ணத்தைப் பற்றிச் சொல்லும்போது ஒரு பழக்கத்தை வெளிப்படையாகவே கண்டிக்க வேண்டியிருக்கிறது. படத்தொகுப்பு முடிந்தபின் கலர் கிரேடிங் எனப்படும் வண்ணச் சீரமைப்பில் எல்லா ஷாட்டுகளையும் வெளிறச் செய்து சாம்பல் பூசிவிட்டால் ஊழி வந்துவிடும் என்னும் நம்பிக்கை பரவலாக உள்ளது. ஜான் ஹில்கோட்டின் ‘தி ரோடு’ (2009) படத்தில் சூரியனே மறைக்கப்பட்டுப் பயிரும் மரமும் மடிந்திருப்பதால் அந்த வெளிறல் கதையிலிருந்தே பிறக்கிறது. தாவரம் சாகாத கதையில் அதே வெளிறலுக்குப் பொருளில்லை. ஜார்ஜ் மில்லரோ ‘மேட் மேக்ஸ்: ஃபியூரி ரோடு’ (2015) படத்தில் மணலைச் செம்மஞ்சளாகவும் வானத்தை ஆழ்நீலமாகவும் எரியவிட்டு, முக்கியச் செயல் ஒவ்வொன்றையும் சட்டகத்தின் நடுவிலேயே நிறுத்தினார். கண் எங்கும் அலைய வேண்டாத அந்த மைய அமைப்பே, ஆஸ்கர் பெற்ற மார்கரெட் சிக்ஸலின் மிக வேகமான படத்தொகுப்பைக் குழப்பமின்றிப் பின்தொடரச் செய்கிறது. அப்படத்தில் மனிதர்க்கு மறுக்கப்பட்டது ஓய்வு. படமும் ஓய்வைப் பெரும்பாலும் மறுக்கிறது.

இடத்தேர்வைப் பொறுத்தவரை, இடிபாடுகளைத் தேடி அலைவதைவிட மனிதர் வழக்கமாக நிறைந்திருக்கும் இடத்தை வெறுமையாகப் பிடிப்பதே வலிமையானது. டேனி பாய்லின் ‘28 டேஸ் லேட்டர்’ (2002) படத்தில் லண்டனின் வெறிச்சோடிய சாலைகள், விடியற்காலையில் போக்குவரத்தைச் சிறிது நேரம் நிறுத்தி, எடை குறைந்த கேனன் எக்ஸ்எல்1 டிஜிட்டல் கேமராக்கள் பலவற்றை ஒரே சமயத்தில் இயக்கி எடுக்கப்பட்டவை. பேருந்து நிலையமோ பள்ளி வளாகமோ அதிகாலை ஐந்தரை மணிக்கு முறையான அனுமதியோடு தரும் வெறுமையை எந்த இடிபாடும் தராது. 1964 டிசம்பர் புயல் அழித்த தனுஷ்கோடி போன்ற இடங்கள் கேமராவை ஈர்ப்பது இயல்பே. ஆனால் அங்கே மாண்டவர்கள் உண்மையானவர்கள், அக்கரையில் இன்றும் மீனவர் வாழ்கின்றனர் என்பதை நினைந்து, கற்பனைக் கதைக்குப் பின்புலமாக மட்டும் அவ்விடத்தைப் பயன்படுத்துவதைத் தவிர்ப்பதே முறை.

இனி, பறிக்கப்பட்டது ஒருமுறை திருப்பித் தரப்படும் கணத்துக்கு வரலாம். இழப்பின் நெறி முழுப்பயன் தருவது அங்கேதான். ‘லா ஜெதே’யில் உறங்கும் பெண்ணின் நிழற்படங்கள் ஒன்றில் ஒன்று கரைந்துகொண்டே வர, பறவைகளின் ஒலி பெருகிப் பெருகி, அவள் கண் திறந்து இமைக்கும் ஒரே ஒரு ஷாட் உண்மையாகவே அசைகிறது, சில நொடிகளே நீடிக்கும் அந்த அசைவைக் கண்டவர் எளிதில் மறப்பதில்லை. பெசோனின் படத்தில் இருவர் ஒரு வாயுவை உள்ளிழுத்து, வணக்கம் என்னும் பொருள்தரும் ஒரு சொல்லைத் தட்டுத்தடுமாறிச் சொல்லிவிட்டு மகிழ்ந்து சிரிக்கின்றனர். பாய்ல், படம் முழுவதும் டிஜிட்டல் கேமராவின் கரடுமுரடான பிம்பத்தையே தந்து, நம்பிக்கை திரும்பும் இறுதிப் பகுதியை மட்டும் 35 எம்எம் படச்சுருளில் எடுத்தார். குழந்தைகளே பிறவாத உலகைக் காட்டும் அல்ஃபோன்சோ குவாரோனின் ‘சில்ட்ரன் ஆஃப் மென்’ (2006) படத்தைப் பெரும்பாலோர் அதன் நீண்ட ஒற்றை ஷாட்டுகளுக்காகவே புகழ்வர். அவற்றுள் ஒன்றான கார்த் தாக்குதல் காட்சி பல பகுதிகளாக எடுக்கப்பட்டுக் கணினியில் தையல் தெரியாமல் இணைக்கப்பட்டது என்பதை அறிந்தால், அதைப் போலச் செய்ய முயன்று நாள்களை வீணாக்கும் ஆசை தணியும். அதைவிட உற்றுக் கேட்க வேண்டியது, படம் முடிந்து திரை இருண்டபின் எழும் குழந்தைகளின் ஆரவாரமே.

ஆகவே பத்து நிமிடக் குறும்படத்தில் இழப்பின் விதி முதல் நிமிடத்துக்குள்ளேயே நிறுவப்பட்டுவிட வேண்டும். அவ்விதி ஒரே ஒருமுறை, ஏழாம் நிமிடத்துக்குப் பின் மீறப்படுவது நன்று. இரண்டாம் முறை மீறினால் முதல் மீறலின் மதிப்பும் போய்விடும். படப்பிடிப்பு அட்டவணை போடும்போது, அந்த ஒரு ஷாட்டை வழக்கம்போல் கடைசி நாளுக்குத் தள்ளிவிடாமல், ஒளி சாய்வதற்கும் குழு களைப்பதற்கும் முன்னதாக, முதல் நாள் காலையிலேயே எடுத்துவைத்து, அது கைகூடாவிட்டால் மீண்டும் எடுக்க ஒரு பொழுதையும் ஒதுக்கிவைக்க வேண்டும்.